யூனிஃபார்ம் சேலை

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. திருப்பூரைச் சுற்றியிருக்கும் ஊர்களில் வாரம் என்பது ரொம்ப காலம் இவ்வளவுதான். கொஞ்ச வருடமாக மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் கும்மி பழகப் போவது. பெருமாநல்லூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும், கோயில் திடலிலோ கல்யாண மண்டப வாசலிலோ டியூப் லைட் கட்டி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

வள்ளி கும்மியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் ஆசிரியர் மைக்கோடு நின்று முருகன் வள்ளியைக் கட்டிய கதையைப் பாடுவார். சுற்றிலும் ஐம்பது பேர், நூறு பேர், சில ஊர்களில் இருநூறு பேர், ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு பாட்டுக்குத் தக்கபடி அடி மாற்றி மாற்றிக் கை தட்டி ஆடுவார்கள். தினைப்புனம் காத்தல், வேடன் வேடம், கிழவன் வேடம், யானை வருவது, கடத்திப் போவது, கல்யாணம் என்று முழுக் கதையும் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்காக வாரக்கணக்கில் பழகி, கோயில் முன்னால் ஊரைக் கூட்டி அரங்கேற்றம் செய்வார்கள். ஆடுகிறவர்கள் யாரும் இதை வைத்துப் பிழைப்பவர்கள் இல்லை. பவர் டேபிளில் தைக்கிறவர், பேங்க்கில் இருப்பவர், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர், ஏழாங்கிளாஸ் படிக்கும் பொடுசு, என்னைப் போல லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பவர்.

எனக்குக் கலையைப் பற்றி எழுதுகிற தகுதி இல்லை. நான் கவனித்தது வேறு ஒன்று. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல், கால் வலிக்கிற உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷி எப்படி இதற்குள் போய் விழுகிறாள்? பக்கத்திலிருந்து பார்க்க எனக்கு ஒருவர் கிடைத்தார். என் சித்தி.

*

சித்திக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து, பிசிறு வெட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்க வேண்டும். சித்தப்பா தவறி ஒன்பது வருடம். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. எங்கள் பக்கம் இந்த வழக்கம் இப்போது குறைந்துவிட்டது என்று சொல்வார்கள். குறைந்துதான் இருக்கிறது. ஆனால் சித்தியின் ஊரில், அவர் வயதில், அவரை யாரும் கட்டு என்று சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. விசேஷ வீடுகளில் தாலிக்கயிறு தொட்டுக் கும்பிடத் தட்டு வரும்போது அவராகவே எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவார். அது பழகிப்போய் எங்கள் கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

அவர் கும்மிக்குப் போன காரணம் மிகச் சாதாரணம். எதிர்த்த வீட்டு அக்கா பழகப் போய்க்கொண்டிருந்தார். திரும்பும்போது இருட்டிவிடும், வழியில் நாய்த் தொல்லை. "ஒருத்தியா வாரதுக்குப் பயமா இருக்குது, நீயும் சித்த வாயேன்" என்று கூப்பிட்டார். சித்தி இரண்டு வாரம் கோயில் மேடை ஓரத்தில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருந்தார். மூன்றாவது வாரம் உள்வரிசையில் ஒரு ஆள் குறைந்தது. ஜோடி சேர்கிற அடிக்கு எண்ணிக்கை ஒத்து வரவில்லை. ஆசிரியர் மைக்கிலேயே, "அம்மிணி, அந்த எடத்துல வந்து நில்லுங்க. ஆட வேண்டாம், கையத் தட்டுனாப் போதும்" என்றார்.

நின்றார். அவ்வளவுதான்.

அரங்கேற்றத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது எல்லோருக்கும் பணம் வசூலித்து ஒரே மாதிரி சேலை எடுத்தார்கள். கிளிப்பச்சை, அரக்குக் கரை. சித்தி அதை வாங்கி வந்து பீரோவில் வைத்து நான்கு நாள் திறக்கவே இல்லை. ஐந்தாவது நாள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். அரங்கேற்றத்தன்று கட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோது ஒரு பெரியம்மா திண்ணையிலிருந்து, "என்னாயா இது?" என்றார். சித்தி நிற்காமல் பதில் சொன்னார்: "என்ன பண்றதுங்க்கா, யூனிஃபார்மு."

அந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கலர்ச் சேலை கட்ட ஆசை என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அவரால் சொல்லியிருக்க முடியாது. யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். யூனிஃபார்ம் என்ற ஒரு சொல் அந்தப் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டது. அது அவருடைய ஆசை இல்லையாம், குழுவின் விதியாம்.

*

இதே நேரத்தில்தான் எனக்கு ஒரு கடற்கொள்ளையர் பழக்கமானார். எங்கள் கிளையன்ட் கம்பெனியில் ஒரு மேனேஜர், அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டாம்பா நகரத்துக்காரர். ஜனவரிக் கடைசியில் லீவு போடுவார். ஏன் என்று கேட்டதற்கு வீடியோ காலிலேயே எழுந்து போய், முழங்கால் வரை வரும் ஒரு கோட்டையும் மூன்று மூலைத் தொப்பியையும் எடுத்து வந்து காட்டினார்.

டாம்பாவில் காஸ்பரில்லா என்று ஒரு திருவிழா. 1904-ல் தொடங்கியது. கொள்ளையர் வேடம் போட்டவர்கள் கப்பலில் வந்து நகரத்தைப் பிடிப்பார்கள், மேயர் சாவியைக் கொடுத்துச் சரணடைவார், பிறகு ஊர்வலம். யார் பெயரில் இந்த விழாவோ அந்த ஹோசே காஸ்பர் என்ற கொள்ளையன் வாழ்ந்ததற்குச் சரித்திரச் சான்று ஒன்றுமில்லை. இல்லாத ஒருவன் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு ஊரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"கடற்கொள்ளையர் சரித்திரமெல்லாம் நிறையப் படிப்பீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டியைத் தூக்கக் கூப்பிட்டாராம். போனவர் அப்படியே அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டாராம். சித்தியின் நாய்த் தொல்லை போலத்தான். இப்படிப்பட்ட இடங்களுக்கு யாரும் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. ஒரு ஆள் குறைகிறது, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறார்கள்.

ஏன் கொள்ளையர், ஏன் போர்வீரர் இல்லை என்றும் கேட்டேன். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைத் திரும்ப நடித்துக் காட்டும் குழுக்கள் ஏராளம். அதில் கண்டிப்பானவர்கள் உண்டு. பொத்தான் அந்தக் காலத்துப் பொத்தானா, தையல் கைத்தையலா மிஷின் தையலா என்று கிட்டே வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குக் கேலிப் பெயரே 'ஸ்டிட்ச் கவுண்டர்', தையல் எண்ணுகிறவர் என்று. எங்கள் ஊரில் இந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் வேறு அர்த்தம் வரும் என்பதை அவருக்கு விளக்க நான் முயலவில்லை. கொள்ளையருக்கு அந்தத் தொல்லை இல்லை என்றார். அவர்களுக்கு யூனிஃபார்ம் கிடையாது. கிடைத்ததை உடுத்தியவர்கள். அதனால் பழைய சட்டை, ஒரு பெல்ட், தலையில் ஒரு துணி இருந்தால் முதல் நாளே சேர்ந்துவிடலாம்.

அந்த மாதிரிச் சட்டைகள் எங்கள் ஊரிலிருந்தும் போகும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூர். அக்டோபர் மாதத்து ஹாலோவீனுக்கான மண்டையோட்டுப் பனியன்கள் கோடை வெயிலிலேயே செக்கிங் மேசைக்கு வந்துவிடும். சித்தி அதற்கு வைத்திருக்கும் பெயர் "சுடுகாட்டு ஆர்டர்". கண் குழி இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்து அடுக்குவார். கடல் தாண்டி யாரோ வேடம் கட்ட இவர் பிசிறு வெட்டினார். தனக்கென்று ஒரு வேடத்துணி கிடைக்க ஒன்பது வருடம் ஆனது.

*

சித்தியைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் மேடை ஓரத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பேன். ஆண்கள் வரிசையில் ஆள் குறைந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே போனபின் தெரிவது வெளியே உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. முதல் மூன்று நாள் கால் எது கை எது என்று குழம்பும். வலது கால் முன்னே, குனிந்து தட்டு, நிமிர்ந்து தட்டு, திரும்பு, பின்னே இரண்டு அடி. மனதில் எண்ணிக்கொண்டே ஆடினால் கட்டாயம் பிசகும். எண்ணுவதை விட்டுவிட்டு, முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்தால் சரியாக வரும். நான்காவது வாரம் ஒரு கணம் வரும். நூறு கை ஒரே நேரத்தில் தட்டும்போது எது என் கை என்று தெரியாது. நான் தட்டாவிட்டாலும் அந்தச் சத்தம் வந்திருக்கும், ஆனாலும் அது என் சத்தம்.

என் வேலையில் நான் திரையில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் என் பெயரின் இரண்டு எழுத்து. நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் யார் எழுதியது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று பதிவாகும். சித்தியின் மேசையிலும் அப்படித்தான். எத்தனை பீஸ் பார்த்தார், எத்தனை திரும்பி வந்தது என்று அவர் பெயருக்கு நேராக எழுதி வைப்பார்கள். வாரம் ஆறு நாளும் தனித்தனியாக எண்ணப்படுகிறவர்களுக்கு, யாரும் யாரையும் எண்ண முடியாத ஒரு இடத்தில் மூன்று மணி நேரம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. நான் விழுந்தது அங்கேதான். முருகனும் வள்ளியும் மெதுவாக, பின்னால்தான் வந்து சேர்ந்தார்கள்.

*

பழைய கதையை உடம்பால் திரும்ப நடத்துவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. அண்ணன்மார் கதை இங்கே பாட்டாக மட்டும் இருந்ததில்லை. 1960-களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், உடுக்கைப் பாட்டுக்காரர்கள் இரவிரவாகப் பாடிய பொன்னர் சங்கர் கதையை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். அந்தக் கதை போர்க்களத்துக்கு வரும் இரவில் படுகளம் நடக்கும். பாட்டின் உச்சத்தில் அருள் வந்த ஆண்கள் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். செத்தவர்களாகக் கிடத்தி வைப்பார்கள். தங்கை தங்காள் வந்து அழுது தீர்த்தம் தெளித்தபின் எழுவார்கள். சின்ன வயதில் அப்பாறு தோளில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்திருக்கிறேன். பகலில் எங்களுக்கு முடி வெட்டிவிட அதட்டி உட்கார வைக்கும் மாமா, அசையாமல் மண்ணில் கிடந்தார்.

படுகளத்தில் விழ யாரும் பெயர் கொடுக்க முடியாது. சாமி இறங்க வேண்டும். யார் மேல் இறங்கும் என்பதில் குடும்பமும் பிறப்பும் வழக்கமும் கலந்திருக்கும். கும்மி வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால் போதும். இந்த வாசலைப் பெண்களுக்குத் திறந்துவிட்டதில் ஒரு பெரியவருக்குப் பங்கு உண்டு. கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் பழக்கிவிட்டவர் என்பதே அவருக்குச் சொல்லப்பட்ட முதல் பெருமை. இன்றைக்குத் திடல்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். அதே வருடம் பெருந்துறைப் பக்கம் பல ஆயிரம் பெண்கள் ஒரே மைதானத்தில் கும்மியடித்து உலக சாதனை என்று செய்தியானது.

அதே காலத்தில்தான் அந்த இன்னொரு வீடியோவும் பரவியது. ஒரு கும்மி மேடை. யூனிஃபார்ம் சேலையில் வரிசையாகப் பெண் பிள்ளைகள். நம்ம சாதியில்தான் கட்டிக்கொள்வோம் என்று அவர்களிடம் சத்தியம் வாங்குகிறார்கள்.

*

சித்தியின் செக்கிங் மேசையில் எதிரே பதினோரு வருடமாக நிற்கும் ஒரு அக்கா உண்டு. சோற்றுப் போசியை இருவரும் மாற்றிச் சாப்பிடுவார்கள். சித்தப்பா இறந்தபோது கம்பெனியிலிருந்து முதலில் வந்தவர் அவர்தான். அரங்கேற்ற வீடியோவைப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை நானும் வாரேன்" என்றார். அடுத்த வகுப்பு தொடங்கிய அன்று வந்தார்.

பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "எந்த ஊருங்க?" சொன்னார். "ஊர்ல எந்தப் பக்கமுங்க?" சொன்னார். "கோயில் எதுங்க?" எங்கள் ஊர்களில் இந்த மூன்று கேள்விக்குப் பிறகு நான்காவது கேள்வி தேவைப்படாது. அவர் பேனாவை மூடினார். "இந்தத் தடவை ஆளு நெம்பிப் போச்சுங்க. அடுத்த தடவை பாக்கலாமுங்க."

பக்கத்தில் நின்ற நான், "நாலு பேரு கொறையுதுன்னு ஆசிரியர் இப்பத்தானுங்களே மைக்ல சொன்னாரு?" என்றேன். அவர் என் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். கோபமே இல்லை. "தம்பி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியும் என்பதுதான் அந்தக் கேள்வியின் பலம். தெரிந்தவன் தெரிந்ததாக நடந்துகொள்ள வேண்டும். நான் அவரிடம், எனக்கும் சித்திக்கும் பெயர் அடித்துவிடச் சொன்னேன். சித்தி ஏற்கெனவே வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். அந்த அக்காவின் கையைப் பிடித்திருந்தார். மூவரும் டீக்கடையில் டீ குடித்தோம். அந்த அக்கா சித்தியைப் பார்த்து, "உனக்கு ஏன்டி, நீ போய் ஆடு" என்று இரண்டு முறை சொன்னார். சித்தி, "எனக்குக் காலு வலிக்குது" என்றார்.

சித்திக்கு அந்த வட்டம் என்ன கொடுத்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சேலைக்காரி என்ற ஒன்றை மூன்று மணி நேரம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடிந்தது. வேடத்துக்கு இருக்கிற சக்தி அது ஒன்றுதான். பகலில் நீ யாராக இருக்கிறாயோ அதை வெளியே விட்டு வரலாம். வாசலில் உட்கார்ந்து ஒருவர் "நீ யார்" என்று கேட்டு எழுதிக்கொண்டால், உள்ளே ஆடுவதற்குப் பெயர் வேறு. அவர்கள் எல்லோரும் காலையில் இருந்தவர்களாகவே இருக்கிறார்கள், சேலை மட்டும் ஒன்று.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது அந்தக் கதை. வள்ளி வேடர் குலத்தில் வளர்ந்த பெண். வந்தவன் யாரென்றே அவள் வீட்டுக்குத் தெரியாது. வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வருகிறான். பெற்றவர்களைக் கேட்காமல் கூட்டிக்கொண்டு போகிறான். விடிந்ததும் நம்பிராசனும் அண்ணன்மாரும் வில்லை எடுத்துக்கொண்டு துரத்துகிறார்கள். வேறு குலத்தானோடு போன மகளைத் துரத்திக்கொண்டு ஆயுதத்தோடு ஓடுகிற ஒரு குடும்பம். மூன்று மணி நேரம் கை தட்டி நாங்கள் ஆடுவது இதைத்தான். 2016 மார்ச் 13 அன்று, இதே திருப்பூர் மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் என்ற தலித் இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறியியல் மாணவர். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்தவர். அந்தக் கேமரா காட்சியை நாடே பார்த்தது. அந்தப் பெண்ணும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். கும்மிக் கதையில் வில்லோடு ஓடியவர்களை நாங்கள் மறந்துவிடவில்லை. அவர்கள் யார் என்று பார்க்காமல் ஆடுகிறோம்.

*

காலு வலி ஒரு மாதம் நீடித்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், செக்கிங் மேசைக்கும் அயர்ன் மேசைக்கும் நடுவே, சித்தி அந்த அக்காவுக்கு முதல் அடவைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஒடிசாவிலிருந்து வந்து கைமடிக்கிற இரண்டு பெண்கள் எழுந்து வந்து பின்னால் நின்றார்களாம். மொழி தெரியாது, கை தட்டத் தெரிந்தது. சூப்பர்வைசர் பெல் அடித்துக் கலைத்தார். மறுநாளும் அதே நேரத்தில் நின்றார்கள்.

அப்புறம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். எல்லாத் திடலும் ஒன்றல்ல. அவர் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதிக்கொண்டார். "கோயிலு?" என்று அந்த அக்காவே வாய் தவறிக் கேட்டுவிட்டார், எந்தக் கோயில் என்று சொல்ல வேண்டுமா என்கிற அர்த்தத்தில். அவர், "இதா, பின்னால இருக்கறதுதானுங்க. செருப்ப அங்க உட்டுட்டு வாங்க" என்றார்.

இப்போது அங்கேதான் போகிறோம். வட்டம் சின்னது, முப்பது பேர்கூட இல்லை. மைக் அடிக்கடி கரகரக்கும். இன்னும் யூனிஃபார்ம் எடுக்கவில்லை, பணம் சேரவில்லை. போன தீபாவளிக்கு சித்தி தானாகவே போய் ஒரு சேலை எடுத்து வந்தார். ஊதா. "இதென்ன யூனிஃபார்முங்க சித்தி?" என்று கேட்டேன். "யூனிஃபார்மெல்லாம் இல்ல. நல்லா இருந்துச்சு, எடுத்தேன்" என்றார்.

பழைய திடலில் ஆட்டம் நிற்கவில்லை. போன அரங்கேற்றத்தைவிட இரண்டு மடங்கு ஆள் என்று கேள்வி. அவர்கள் பாடுவதும் இதே பாட்டுத்தான். துரத்தி வந்தவர்கள் எல்லோரும் சேவல் கூவலில் செத்து விழுவார்கள். வள்ளி அழுவாள். அவள் கேட்டதற்காக ஒவ்வொருவராக எழுப்பப்பட்டு, எழுந்தவர்களே கூட்டிப்போய் வீட்டில் வைத்துக் கல்யாணம் செய்துவைப்பார்கள். நம்பிராசன் எழுந்து உட்காரும் இடத்தில் ஆசிரியர் குரலை ஏற்றுவார். வட்டம் வேகம் பிடிக்கும். இரண்டு திடலிலும் கைத்தட்டல் அந்த இடத்தில்தான் அதிகம்.